மெட்டா – மோரோ டூயட்: மக்களிடம் மூன்றாம் இடம், நடுவர்களிடம் பதினேழாம் இடம். ஏன் இந்தப் பள்ளம்?

நெய்தல் எழுதியது:

ஐரோப்பிய நாடுகள் பாட்டு அனுப்பிப் போட்டியிடும் யூரோவிஷன் என்றாலே கோப்பை வாங்கிய பாட்டுகளையே சுற்றிச் சுற்றி வருகிறோம். இந்த இழை ஐந்தாம் இடத்துப் பாட்டு ஒன்றுக்காக. 2018 மே 12, லிஸ்பன். இத்தாலிக்காக எர்மால் மெட்டாவும் ஃபாப்ரிட்சியோ மோரோவும் பாடிய 'நோன் மி அவேத்தே ஃபாத்தோ நியெந்தே'. ஏறத்தாழ, 'நீங்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை' என்று பொருள். பயங்கரவாதத் தாக்குதல்களைப் பற்றிய பாட்டு. இறுதிச் சுற்றின் 26 பாட்டுகளில் கடைசியாக வந்தது. நம் கடிகாரத்தில் அப்போது அதிகாலை இரண்டரை மணி.

என்னை இத்தனை காலமாக உறுத்துவது மதிப்பெண் கணக்கு. நடுவர் குழுக்கள் கொடுத்தது 59. அவர்கள் பட்டியலில் இந்தப் பாட்டுக்கு 17ஆம் இடம். வீட்டிலிருந்து வாக்களித்த மக்கள் கொடுத்தது 249. அவர்கள் பட்டியலில் மூன்றாம் இடம். இரண்டாவதாக வந்த சைப்ரஸ் பெற்றது 253. வெறும் நான்கு புள்ளி இடைவெளி. மொத்தம் 308 பெற்று ஐந்தாவதாக முடிந்தது. முதலிடம் 529 புள்ளிகளுடன் இஸ்ரேலின் நெட்டாவுக்கு. அதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஒரே பாட்டுக்கு மக்கள் அள்ளிக் கொடுத்ததையும் நடுவர்கள் கையை விரித்ததையும்தான் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

நேற்று இரவு அந்த மூன்று நிமிடங்களை மறுபடி பார்த்தேன். மேடையில் இரண்டு ஆண்கள், அவ்வளவுதான். ஆடுபவர்கள் இல்லை, நெருப்பு இல்லை. மெட்டாவின் குரல் இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி, மேலே போனாலும் பிசிறாது. மோரோவின் குரல் கரகரத்தது. முந்தின நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்தவர் பாடுவது போல ஒவ்வொரு வரியின் முடிவும் உராய்கிறது. பல்லவியில் இரண்டும் சேரும்போது ஒன்று மற்றதில் கரைவதில்லை. அருகருகே நடந்து போகிற இரண்டு பேரின் காலடி மாதிரி, இரண்டும் தனித்தனியாகவே கேட்கின்றன. பாட்டு ஓட ஓட, வரிகள் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மொழிகளில் திரையில் எழுந்து மறைகின்றன.

எனக்கு இத்தாலியம் தெரியாது. ஆனாலும் முதல் தடவை பார்த்தபோதே தொண்டை அடைத்தது. நடுவர்களுக்கு என்ன குறை தெரிந்தது?


தாளக்கட்டு எழுதியது:

நடுவர்கள் பக்கம் நின்று பேச ஒருவராவது வேண்டும். நான் பேசுகிறேன்.

முதலாவது, மெட்டு. சரணங்களில் ராகம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கிறது. சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. இத்தாலியம் தெரிந்தவருக்கு அது கதை. தெரியாதவருக்கு ஓட்டம் மட்டுமே. பல்லவி வந்ததும் கூட்டமாகப் பாடுவதற்கு ஏற்ற எளிய எடுப்பு. மனத்தில் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் இசையமைப்பு என்று மதிப்பெண் போடச் சொன்னால் நானும் அந்த ஆண்டு ஆஸ்திரியாவுக்குத்தான் கூடப் போட்டிருப்பேன். நடுவர்கள் 271 கொடுத்து முதலிடத்தில் வைத்தது சீசர் சாம்ப்சனைத்தான். அந்தக் குரலை யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, அந்தப் பல்லவி புதிதே இல்லை. பாட்டை எழுதிய மூவரில் ஒருவரான ஆண்ட்ரேயா ஃபேபோ, 2016இல் இத்தாலியின் சான்ரெமோ பாட்டு விழாவின் புதுமுகத் தேர்வுக்கென்று வேறு இருவர் பாடிய 'சிலென்ட்ஸியோ' என்ற பாட்டில் இதே பல்லவியை வைத்திருந்தார். 2018 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்ததும் சான்ரெமோவில் இவர்களை ஒரு நாள் நிறுத்தி வைத்தார்கள். புதிய பாட்டுகளுக்கான மேடையில் பழைய பல்லவி ஏன்?

மூன்றாவது, திரையில் எழுத்து. பாட்டு தானாகவே வந்து சேரும் என்று நம்பியிருந்தால் எழுதிக் காட்டியிருக்க வேண்டாமே.


மாடவிளக்கு எழுதியது:

நடுவர்கள் அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள், அந்த எழுத்துகள் அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. பொருள் புரியாமல்தான் குறைத்துப் போட்டிருக்க வேண்டும். காரணம் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.


நெய்தல் எழுதியது:

மாடவிளக்கு, அரங்கில் இருந்தவர்களுக்கு எழுத்துகள் தெரியவில்லை என்பது உண்மை. லிஸ்பன் மேடையில் அந்த ஆண்டு எல்.இ.டி. திரைகளே கிடையாது; எழுத்துகள் தொலைக்காட்சிப் படத்தின் மேல் ஏற்றப்பட்டவை. ஆனால் நடுவர்கள் அரங்கில் இருப்பதில்லை. 2018இல் ஒவ்வொரு நாட்டின் ஐந்து நடுவர்களும் அவரவர் நாட்டில் உட்கார்ந்து, முந்தின நாள் இரவு நடந்த முழு ஒத்திகையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். எழுத்துகளை அவர்களும் பார்த்தார்கள். பார்த்த பிறகும் 59தான்.

தாளக்கட்டு, பல்லவி விஷயத்தில் சொல்ல வேண்டிய பாதியை விட்டுவிட்டீர்கள். நிறுத்தி வைத்தார்கள், விதியைப் பார்த்தார்கள், மறுநாளே திரும்பச் சேர்த்தார்கள். பழைய படைப்பிலிருந்து எடுத்தது மொத்தப் பாட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அது புதிய பாட்டு என்பது சான்ரெமோவின் விதி. எடுத்தது பிறர் சொத்தும் அல்ல, எழுதியவரின் சொந்தச் சரக்கு. பிப்ரவரி 10 அன்று சான்ரெமோ விழா நடக்கும் அரிஸ்டன் அரங்கில் அந்தப் பாட்டேதான் வென்றது.

இன்னொன்றும் சொல்கிறேன். யாரும் கேட்காமல் கிடந்த ஒரு நல்ல எடுப்பைத் தூக்கி, அதற்கு உரிய சொற்களோடு உட்கார வைப்பதில் எனக்குத் தவறே தெரியவில்லை. நம் கீர்த்தனை மரபிலும் தெம்மாங்கிலும் ஒரு வர்ணமெட்டில் எத்தனை பாட்டுகள் பிறந்திருக்கின்றன!


ஆறாம்விரல் எழுதியது:

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் விஷயத்துக்கு வருகிறேன். 59 என்பதை வெறுப்பு என்று படிக்காதீர்கள். ஒவ்வொரு நாட்டு நடுவர் குழுவும் முதல் பத்துப் பாட்டுக்குத்தான் புள்ளி கொடுக்கும். எல்லா நாட்டிலும் பதினொன்றாவதாக வந்தால் பூஜ்யம். நடுவர் அத்தனை பாட்டுகளையும் வரிசைப்படுத்தியாக வேண்டும். வீட்டில் இருப்பவர் பிடித்ததற்கு மட்டும் வாக்களிக்கிறார். யாருக்கும் குறை தெரியாத பாட்டு நடுவர்களிடம் ஏறும், சிலரை உலுக்குகிற பாட்டு மக்களிடம் ஏறும். அதே 2018இல் ஸ்வீடனைப் பாருங்கள்: நடுவர்களிடம் 253, மக்களிடம் 21. இத்தாலியின் கதையைத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான்.

இனி என் விஷயம். இத்தாலிய டூயட் என்று பேச்சு எடுத்தால் 1984ஐ விட்டுவிட்டு எப்படிப் பேசுவது? லக்சம்பர்க், மே 5. ஆலிசேயும் ஃப்ராங்கோ பாத்தியாத்தோவும் பாடிய 'இ த்ரேனி தி தொஸேர்'. தொஸேர் துனிசியாவின் தெற்கில், உப்பு ஏரி ஓரத்தில், பேரீச்சை மரங்கள் சூழ்ந்த சோலை ஊர். எல்லைப்புறக் கிராமங்களில் இருப்பவர்கள் அந்த ஊருக்குப் போகும் ரயில்களை வேடிக்கை பார்க்கிறார்கள். பாட்டில் நடப்பது அவ்வளவுதான். காதல் வசனம் கிடையாது, செய்தி கிடையாது. நடுவில் மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓப்பராவிலிருந்து ஜெர்மன் வரி ஒன்றைப் பெண்குரல்கள் பாடிவிட்டுப் போகின்றன. ஏன் என்று யாரும் விளக்கவில்லை, விளக்கத் தேவையும் படவில்லை.

70 புள்ளி பெற்று, பெல்ஜியத்தோடு ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த ஆண்டு கோப்பை ஸ்வீடனின் ஹெரேஸ் சகோதரர்களுக்கு. ஆனால் பாத்தியாத்தோ 2021 மே மாதம் இறந்தபோது நான் அன்று முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டது இந்த ரயில் பாட்டைத்தான். ஆலிசேயின் கனத்த கீழ்ஸ்தாயிக் குரல் அடியில் ஓட, பாத்தியாத்தோ அதன் மேல் ஏதோ வாசித்துக் காட்டுவது போலப் பாடுகிறார். ஒருவரை ஒருவர் பார்த்து உருகுவதில்லை. இரண்டு பேரும் ஒரே ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார்கள்.

தாளக்கட்டு மூன்றாவதாகச் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. சொல்லாமல் விட்ட பாட்டு எனக்குள் நாற்பது ஆண்டு நிற்கிறது. எழுதிக் காட்டிய பாட்டு நிற்குமா?


தாளக்கட்டு எழுதியது:

ஆறாம்விரல், என் மனத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டீர்கள். பாத்தியாத்தோவின் மெட்டில் வெற்றிடம் இருக்கிறது. கேட்பவர் உள்ளே போய் உட்கார இடம் இருக்கிறது. 2018 பாட்டில் அந்த இடம் முழுவதும் சொற்கள்.


நெய்தல் எழுதியது:

ரயில் பாட்டை நானும் வணங்குகிறேன். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை. தொஸேர் ரயில் கனவைப் பற்றிய பாட்டு. கனவை விளக்கினால் கலைந்துவிடும். மெட்டா – மோரோ பாட்டில் வருபவை ஊர்கள்: கெய்ரோ, பார்சிலோனாவின் ராம்ப்ளா வீதி, ஃபிரான்ஸில் ஒரு கச்சேரி, லண்டன், நீஸ் கடற்கரை. இவை கற்பனை ஊர்கள் அல்ல. 2015 நவம்பர் 13 அன்று பாரிஸின் பாத்தாக்லான் அரங்கில் கச்சேரி கேட்கப் போன 90 பேர் திரும்பி வரவில்லை. 2016 ஜூலை 14 அன்று நீஸில் வாணவேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்துக்குள் லாரி புகுந்தது, 86 பேர். ராம்ப்ளா, 2017 ஆகஸ்ட். பாட்டு மேடையேறியபோது இந்தக் காயங்கள் காய்ந்திருக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களும் அன்று இரவு தொலைக்காட்சி முன்னால் இருந்தார்கள். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தது எப்படிப் பிழையாகும்?

பாத்தாக்லானில் மனைவியைப் பறிகொடுத்த ஆன்த்வான் லேரிஸ் என்ற பத்திரிகையாளர், சில நாட்களில் கொலைகாரர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்: என் வெறுப்புகூட உங்களுக்குக் கிடைக்காது என்று. அப்போது அவருடைய மகனுக்கு 17 மாதம். இந்தப் பாட்டுக்கு அந்த மடல்தான் விதை. தலைப்பைப் படித்தாலே அதன் சாயல் தெரியும். லேரிஸ் அதை நாட்குறிப்பில் எழுதி மூடி வைக்கவில்லை, எல்லாரும் படிக்கட்டும் என்று வெளியிட்டார். அப்படிப் பிறந்த பாட்டைப் பூடகமாகப் பாடுவது எப்படி?

எழுதியவர்களையும் பாருங்கள். மோரோ 2007இல் சான்ரெமோ புதுமுகப் பிரிவில் வென்றது மாஃபியாவுக்குப் பலியானவர்களை நினைத்து எழுதிய 'பென்ஸா' என்ற பாட்டுக்கு. மெட்டா 2017இல் மூன்றாம் இடம் பெற்றது வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றிய பாட்டுக்கு. இருவரும் போட்டிக்காக இந்தப் பொருளைத் தேடிப் பிடிக்கவில்லை. பல ஆண்டாக அவர்கள் உழுத நிலம் இது.


பழைய வால்வு வானொலி எழுதியது:

இத்தாலியின் டூயட்டுகளை வரிசையாகப் பார்க்கும்போது எனக்கு ஒன்று படுகிறது. பல தடவை இருவரில் ஒருவர் வெளியிலிருந்து வந்தவர்.

1975, ஸ்டாக்ஹோம். வெஸ், தோரி கெட்ஸி இருவரும் பாடிய 'எரா'. 115 புள்ளி, மூன்றாம் இடம். வெஸ் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினத்தவர். (தோரி கெட்ஸி பின்னாளில் பாடகர் ஃபாப்ரிட்சியோ தே ஆந்த்ரேயின் மனைவியானார். 1979இல் இருவரையும் சார்தீனியாவில் கடத்திக்கொண்டு போய் நான்கு மாதம் மலைக்குள் வைத்திருந்தார்கள். அதையும் தாண்டி வந்த பெண்.) 1976, 1985 இரண்டிலும் அல் பானோ – ரோமினா பவர் தம்பதி, இரண்டு தடவையும் ஏழாம் இடம். ரோமினா லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ஹாலிவுட் நடிகர் வீட்டுப் பெண். 2018இல் எர்மால் மெட்டா: அல்பேனியாவின் ஃபியேர் நகரில் பிறந்து, பதின்மூன்று வயதில் கடல் தாண்டி இத்தாலியின் பாரி நகருக்கு வந்தவர்.

1987இல் ஊம்பெர்த்தோ தோத்ஸி – ராஃப் பாடிய 'ஜென்தே தி மாரே' இந்தக் கணக்கில் வராது, இருவருமே இத்தாலியர்கள். ஆனால் என் நெஞ்சுக்கு எல்லாவற்றிலும் நெருங்கியது அதுதான். பிரஸ்ஸல்ஸில் 103 புள்ளியோடு மூன்றாவது. கடல்மேல் போகிறவர்களைக் கரையிலிருந்து பார்க்கிற பாட்டு. கடலோரத்தில் பிறந்தவன் நான். அந்தப் பல்லவி வரும்போதெல்லாம் உப்புக் காற்று மூக்கில் ஏறும்.

இத்தனை டூயட்டுகளில் ஒன்றுகூடக் கோப்பை வாங்கவில்லை. இத்தாலி வென்ற மூன்று தடவையும், 1964இல் ஜில்யோலா சின்க்வேத்தி, 1990இல் தோத்தோ குதூஞ்ஞோ, 2021இல் மானெஸ்கின் குழு. இரு குரல் ஒருமுறையும் இல்லை. 2022இல் தூரினில் சொந்த மண்ணிலேயே மஹ்மூதும் பிளாங்கோவும் பாடிய 'பிரிவிதி'க்குக்கூட 268 புள்ளியும் ஆறாம் இடமும்தான்.


பலெர்மோ மகள் எழுதியது:

இங்கே எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெற்றோர் யாழ்ப்பாணம். நான் பிறந்து வளர்ந்தது சிசிலியில், பலெர்மோவில், பல்லாரோ சந்தைக்குப் பக்கத்துத் தெருவில். அங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் தமிழ், படியிறங்கினால் இத்தாலியம்.

இந்த இழையில் எல்லாரும் தலைப்பை ஒரு முழக்கம் போல எடுத்துக்கொள்கிறீர்கள். திரையில் வந்த ஆங்கில எழுத்தைப் படித்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். இத்தாலியத்தில் அது முழக்கம் இல்லை. அது பிள்ளைகளின் பேச்சு.

எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் பையன்கள் அடித்துக்கொள்வார்கள். கீழே விழுந்தவன் எழுந்து நிற்பான். முழங்கால் சிராய்த்திருக்கும், கீழுதடு நடுங்கும், கண் நிறைந்திருக்கும். அப்படியே நின்றுகொண்டு அடித்தவனைப் பார்த்துச் சொல்வான்: 'நோன் மி ஆய் ஃபாத்தோ நியெந்தே!' நீ என்னை ஒன்றும் செய்யவில்லை. நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன், நானே சொல்லியிருக்கிறேன். என்னை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்த ஒருத்தி தள்ளிவிட்டபோது, உள்ளங்கையில் மண்ணும் இரத்தமுமாக எழுந்து நின்று அதைத்தான் சொன்னேன். வலித்தது. வலித்ததால்தான் சொன்னேன்.

இந்தப் பாட்டைக் கேட்கும்போது எனக்கு அந்த உதடு நடுங்குவது தெரிகிறது. மோரோவின் குரல் வரி முடிவில் உராய்கிறது என்று நெய்தல் எழுதியதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். தைரியசாலிகளின் பாட்டு இல்லை இது. நன்றாக அடி வாங்கியவர்களின் பாட்டு.


தாளக்கட்டு எழுதியது:

இது எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் முதல் பதிவை எழுதினேன். பல்லவி ஏன் அவ்வளவு எளிமையான எடுப்பு என்பதற்கும் இப்போது ஒரு காரணம் கிடைக்கிறது. பிள்ளை சொல்கிற வாக்கியத்துக்கு அலங்காரமான சங்கதி ஒட்டாது.

சரணங்களின் நெரிசலைப் பற்றிச் சொன்னதை மட்டும் நான் திரும்பப் பெறவில்லை. யூரோவிஷனின் மூன்று நிமிட வரம்புக்காகப் பாட்டைக் கத்தரித்திருக்கிறார்கள், மூச்சு விடும் இடங்கள் போய்விட்டன. அரிஸ்டனில் பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா இருந்தது. யூரோவிஷனிலோ 1999 முதல் ஆர்கெஸ்ட்ராவே கிடையாது, பதிவு செய்த இசைக்கு மேல் பாட வேண்டியதுதான். குரல்தான் அன்றன்றைக்கு உயிரோடு இருப்பது.


ஆறாம்விரல் எழுதியது:

அப்படியானால் தமிழில் இந்தத் தலைப்பை எப்படிச் சொல்வது? திரையில் அத்தனை மொழிகளில் போட்டார்கள், தமிழ் இல்லை. நாம் போடலாமே. 'நீங்கள் எனக்கு எதுவும் செய்துவிடவில்லை' என்றால் உதவி செய்யாதவர்களிடம் குறைப்படுவது போல ஆகிவிடுகிறது. 'உங்களால் என்னை ஒன்றும் செய்ய முடியாது' என்றால் சவால். பலெர்மோ மகள் சொன்ன பையன் சவால் விடவில்லை, நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசுகிறான்.


நெய்தல் எழுதியது:

நம் தெருப் பிள்ளைகளும் இதையேதான் சொல்வார்கள். 'வலிக்கவே இல்லையே!' அடி விழுந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, சிரிக்க முயன்றபடி. அந்த இழுத்துச் சொல்லும் ஏகாரம் உட்பட, தலைப்பு அப்படியே அதற்குள் அடங்குகிறது.


பழைய வால்வு வானொலி எழுதியது:

நன்றாக இருக்கிறது. ஆனால் 'நீங்கள்' போய்விடுகிறதே. செய்தவர்களைப் பார்த்து நேராகச் சொல்வதல்லவா? இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தமிழில் 'நீங்கள்' என்றால் மரியாதை ஒட்டிக்கொள்ளும். லாரியை ஏற்றிக் கொன்றவனுக்கு மரியாதை எதற்கு? 'நீ' என்றால் ஒருவனாகச் சுருங்குகிறது.


பலெர்மோ மகள் எழுதியது:

அந்தச் சங்கடம் எங்கள் பக்கத்திலும் உண்டு. 'அவேத்தே' என்பது பலரைப் பார்த்துச் சொல்வது. தெற்கு இத்தாலியில் பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கவும் அதே பன்மையைப் போடுவோம். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் நான் அப்படித்தான் பேசினேன். பாட்டில் அது மரியாதை இல்லை, கூட்டம். பள்ளி முற்றத்தில் ஒருவனிடம் சொல்கிற வாக்கியத்தைப் பன்மைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் யாரும் கவனிக்காத ஒரு சொல் இருக்கிறது: 'மி'. எனக்கு, என்னை. மேடையில் நிற்பது இரண்டு பேர். 'நமக்கு' என்று பாடியிருக்கலாம், இத்தாலியத்தில் 'சி' என்று ஒரே அசைதான், தாளமும் கெடாது. இரண்டு பேரும் சேர்ந்து பாடும்போதும் 'எனக்கு' என்றுதான் பாடுகிறார்கள். எதிரே கூட்டம், இந்தப் பக்கம் ஒவ்வொருவரும் தனி. அதனால்தான் நெய்தலுக்கு அந்த இரண்டு குரல்கள் கரையாமல் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வரியில் 'ஃபாத்தோ' இருந்த இடத்தில் 'தொல்தோ' வரும். என்னிடமிருந்து ஒன்றையும் பறித்துவிடவில்லை என்று. அது பொய் என்று பாடுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். நேற்று அம்மாவுக்கு இந்த இரண்டு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். முதல் வரிக்குத் தலையாட்டினார். இரண்டாவது வரியைக் கேட்டதும், 'அதை எப்படிப் பிள்ளை சொல்வது' என்று கேட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டார். எங்கள் வீட்டில் யார் யார் பறிபோனார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை.


நெய்தல் எழுதியது:

பலெர்மோ மகள், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. அம்மாவுக்கு என் வணக்கம்.

தலைப்பை அப்படியே விடுகிறேன், தமிழில் மாற்றவில்லை.


தாளக்கட்டு எழுதியது:

'மி' என்ற அந்த ஓர் அசைக்காகவே இன்று மறுபடி கேட்கப் போகிறேன். லிஸ்பன் பதிவா, அரிஸ்டன் பதிவா?


பலெர்மோ மகள் எழுதியது:

முதலில் அரிஸ்டன். ஆர்கெஸ்ட்ராவோடு, வெட்டாத பாட்டு. நீங்கள் தேடிய மூச்சு அதில் இருக்கிறது. பிறகு லிஸ்பன் பதிவு, எழுத்துகளைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு.